கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்ட பறவை: கடலூர் வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் இங்கே வேண்டாம். ஒன்றரை வருடத்துக்கு முன் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி ‘லவ் பேர்ட்ஸ்’ வாங்கினார்கள். நீலம் ஆண், மஞ்சள் பெண். சமையலறையை ஒட்டிய நடையில் கூண்டு. தீனி தினை மட்டும். போன மாதம் மழை விடாமல் பெய்த வாரத்தில் நீலப் பறவை திடீரென்று இறந்துவிட்டது. முந்தின நாள் மாலைகூட கிண்ணத்தில் கொத்திக்கொண்டுதான் இருந்ததாம். ஒன்பது வயது மகளிடம் ‘பறந்து போய்விட்டது’ என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள்.

இப்போது மஞ்சள் பறவை இரண்டு நாளாகக் கம்பியில் ஏறாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பை உப்பிக்கொண்டு பகலிலும் கண்ணை மூடுகிறது. எச்சம் கரும்பச்சையாக, தண்ணீராகப் போகிறது. தலைமுடி ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது. பறவை வாங்கிய கடையில் மஞ்சள் நிறப் பொடி ஒன்றைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார்கள், வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு சொட்டு பிராந்தி கொடுக்கச் சொல்கிறார். மாமியாரோ, ‘வீட்டில் வளர்க்கிற ஜீவன் அடுத்தடுத்துச் சாவது குடும்பத்துக்கு ஆகாது, திறந்து விட்டுடு’ என்கிறார். நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறார், அவருக்கு இதனால் ஏதும் வருமா என்ற பயம். மகளுக்கும் சில நாளாக லேசான இருமல். தெரிந்தவர் ஒருவர் பச்சைக்கிளிக் குஞ்சு கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார், மகளுக்கு ஆறுதலாக வாங்கலாமா என்று கேட்டு, கடைசியில் ‘நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா, டாக்டர்?’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அவசரமான பகுதியை உங்களுக்கு மின்னஞ்சலில் முன்பே அனுப்பிவிட்டேன். கூண்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் முழு பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. நீலப் பறவை திடீரென்று இறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அப்படி இல்லை. உங்களிடம் இருப்பது பட்ஜி. நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் இதுதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டமாக வாழும் சின்னக் கிளி. கூட்டத்தில் எது சோர்ந்திருக்கிறதோ அதைத்தான் வேட்டைப் பறவை முதலில் தூக்கும். அதனால் உடம்பு முடியாவிட்டாலும் முடிகிற மாதிரி இருப்பது இந்த இனத்தின் பிறவிக் குணம். மனிதர் அருகில் வந்தால் சிலிர்ப்பை அடக்கி நிமிர்ந்து உட்காரும். கிண்ணத்துக்குப் போய்க் கொத்தவும் செய்யும். ஆனால் உமியை உரித்துப் போட்டுவிட்டு அரிசியை விழுங்காது. அன்று மாலை நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கலாம். இனி மறைக்கத் தெம்பில்லை என்ற நிலையில்தான் பறவை தரையில் உட்காருகிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பறவையை விற்பவர் தினையும் முட்டையிடும் பானையும் சேர்த்து விற்பார், இதைச் சொல்லமாட்டார்.

ஆகவே மஞ்சள் பறவைக்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை என்று எண்ண வேண்டாம். ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகியிருக்கலாம். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்கிற யோசனை நாய்க்கும் மாட்டுக்கும் சில சமயம் சரிப்படும். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பறவைக்குச் சரிப்படாது.

டாக்டரிடம் போகும்வரை

முதல் மருந்து சூடு. உப்பிக்கொண்டு உட்காருவதே உடம்புச் சூட்டைக் காப்பாற்றத்தான். சாப்பிடாத பறவைக்கு அந்தச் சூட்டை உண்டாக்கத் தெம்பு இருக்காது. காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துணியும் அதன்மேல் வெள்ளைத்தாளும் விரித்துப் பறவையை விடுங்கள். பெட்டிக்குள் முப்பது டிகிரி செல்சியஸ் அளவு சூடு இருந்தால் நல்லது. இப்போது எல்லா வீட்டிலும் எல்.இ.டி. விளக்குதான், அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய 40 வாட் குண்டு பல்பு கிடைத்தால் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக, துணியிலும் அட்டையிலும் படாமல் வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்து, ஆறும்போது மாற்றுங்கள். மறு மூலை சூடில்லாமல் இருக்கட்டும், தேவைப்பட்டால் பறவை அங்கே நகர்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் சூடு அதிகம், குறையுங்கள். மின்விசிறிக் காற்று நேரே படக்கூடாது.

தினையும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் தரையிலேயே இருக்கட்டும். வாயைத் திறந்து எதையும் ஊற்ற வேண்டாம். பாலாடையில் ஊட்டுவது குழந்தைக்குச் சரி. சோர்ந்த பறவைக்கு ஊட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கற்பூரவல்லிச் சாறு, தேன் தண்ணீர், பால் எதுவும் வேண்டாம். பாலில் உள்ள சர்க்கரையைப் பறவைகளால் செரிக்க முடியாது. பிராந்தியைப் பற்றி ஒரே வார்த்தை: விஷம்.

நடையிலிருந்து கூண்டை இன்றே எடுத்துவிடுங்கள். பறவையின் மூச்சு நம்முடையதைப் போன்றது அல்ல. நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து வேலை செய்வதால் காற்றில் உள்ளது எதுவும் உடனே, முழுதாக உடம்பில் ஏறும். மழைக்காலத்தில் கொசுவத்தி ஏற்றாத வீடு கடலூரில் குறைவு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு. இந்தப் பறவை இருக்கும் அறையில் இரண்டும் கூடாது. நான்-ஸ்டிக் தவா காலியாக அடுப்பில் காய்ந்துபோனால் வரும் புகை, சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும். நீலப் பறவைக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சமையலறைப் பக்கம் கூண்டு வைக்கும் இடமே அல்ல.

அந்த எச்சம் என்ன சொல்கிறது

பேதி என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. பறவையின் எச்சத்தில் மூன்று பங்கு உண்டு: சுருளாகக் கெட்டியாக இருப்பது மலம், வெள்ளையாக இருப்பது சிறுநீர் உப்பு, சுற்றிலும் தெளிவாகக் கசிவது சிறுநீர். தண்ணீராகப் போகிறது என்று நாம் நினைப்பது பல சமயம் இந்தச் சிறுநீர்தான். மலப்பங்கு மிகக் குறைந்து, கரும்பச்சையாக ஒரு துளி மட்டும் இருந்தால் அது பேதி அல்ல. வயிற்றில் இரை இல்லை, பித்தம் மட்டும் வருகிறது, அதாவது பறவை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் பங்கு மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் கல்லீரலைச் சந்தேகிப்போம். தினை முழுசாக அப்படியே எச்சத்தில் வந்தால் செரிமானப் பாதையில் கோளாறு.

கிண்ணம் நிறையத் தினை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதைக் கையிலெடுத்து, வாசலுக்குப் போய் ஒருமுறை ஊதிப் பாருங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் உமி. உரித்த உமி கிண்ணத்திலேயே விழுந்து மேடாகும், பார்க்க நிறைந்த மாதிரி தெரியும், அடியில் பத்துத் தினைகூட இருக்காது. என்னிடம் வரும் பறவைகளில் நோயே இல்லாமல் இந்த உமியால் மட்டும் மெலிந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் ஊதிவிட்டுப் புதுத் தினை போடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். துணியோடு மெதுவாகப் பறவையைப் பிடித்து, மார்பு நடுவே விரலை ஓட்டுங்கள். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை இருக்க வேண்டும். எலும்பு கத்தி விளிம்பு போலத் துருத்திக்கொண்டிருந்தால் இது இன்று நேற்று வந்த மெலிவு அல்ல. பிடிக்கும்போது மார்பை அழுத்தக்கூடாது. மார்பு விரிந்து சுருங்கினால்தான் பறவைக்கு மூச்சு. வால் மேலும் கீழும் ஆடி மூச்சு வாங்கினால் இந்தச் சோதனையே வேண்டாம், தொடாமல் கிளம்புங்கள்.

தலைமுடி ஒட்டிக் கிடப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்ஜி வாந்தி எடுக்கும்போது தலையை உதறும், சிதறுவது தலையிலேயே ஒட்டும். வாந்தியும் மெலிவும் சேர்ந்தால் மேக்ரோராப்டஸ் என்ற ஈஸ்ட் வகைக் கிருமி, டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, பாக்டீரியா, அயோடின் குறைவால் வீங்கிய தைராய்டு என்று பல காரணங்கள் வரிசையில் நிற்கும். தினையை மட்டும் தின்று வளர்ந்த பட்ஜிகளுக்குக் கடைசியாகச் சொன்னதும் வரும். கடிதத்தை வைத்து இதில் எது என்று நான் சொல்ல முடியாது, சொன்னால் அது ஊகம். எச்சத்தையும் தீனிப்பையிலிருந்து எடுத்த சளியையும் நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் சொன்ன இரண்டும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெண் பறவை என்பதால் இதையும் கவனியுங்கள்: வாலடியில் வீக்கம், முக்குதல், கால் அகட்டி நிற்பது இருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். அப்படியானால் காலை வரை காத்திருக்கக்கூடாது. கூண்டில் பானை கட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் கொடுத்த பொடி

அது அநேகமாக டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். நிறுத்திவிடுங்கள். ஈஸ்டுக்கும் ஒட்டுண்ணிக்கும் அது கேட்காது. பாக்டீரியாவாகவே இருந்தாலும், தண்ணீரில் கலந்த மருந்து எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆரோக்கியமான பட்ஜியே ஒரு நாளைக்குச் சில மில்லிதான் குடிக்கும். கசக்கிற தண்ணீரைச் சீக்குப் பறவை தொடாது, அதனால் இருக்கிற தாகத்தோடு நீர்ச்சத்துக் குறைவும் சேரும். கூண்டில் கணவாய் ஓடு மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல பழக்கம், ஆனால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. அரைகுறையாக ஆன்டிபயாடிக் போனால் பரிசோதனை முடிவும் குழம்பும். பொடி பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. போகும் முன் பறவைகளைப் பார்ப்பவர் இன்று இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மாடு, ஆடு, நாய் என்று நாள் முழுக்கப் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோருக்கும் பட்ஜியில் பழக்கம் இருக்காது, அதில் தப்பில்லை. இல்லையென்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போகலாம். உங்களுக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியைவிட அதுதான் பக்கம், நோயைக் கண்டுபிடிக்கும் வசதியும் அங்கே ஒரே வளாகத்தில். பேருந்தில் போனால் பெட்டியின்மேல் மெல்லிய துணி போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை வழியில் எடுத்துவிடுங்கள், கொட்டி நனைத்துவிடும். பெட்டியில் விரித்த தாளை மாற்றாமல் அந்த எச்சத்தோடே கொண்டு போங்கள். யாரும் அருகில் இல்லாதபோது பறவை வீட்டில் எப்படி இருக்கிறது என்று கைபேசியில் எடுத்த வீடியோவும் உதவும், டாக்டரைப் பார்த்ததும் அது நன்றாக இருப்பதுபோல் நடிக்கும்.

இருநூறு ரூபாய்ப் பறவைக்கு ஆயிரம் ரூபாய் செலவா என்று வீட்டில் யாராவது கேட்கலாம். செலவு செய்ய முடிவது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், அதை நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் உங்கள் விஷயத்தில் இது பறவைக்கான செலவு மட்டும் அல்ல, கீழே சொல்லும் காரணத்தால்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய ஒரு நோய் உண்டு. சிட்டகோசிஸ் என்று பெயர், கிளமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியாவால் வருவது. காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போவதால் பரவும். மனிதருக்குக் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று தொடங்கி நிமோனியா வரை போகலாம். அரிதாகத்தான் வரும், கண்டுபிடித்தால் மருந்தும் இருக்கிறது. கண்டுபிடிப்பதுதான் சிரமம், சாதாரண சளிக்காய்ச்சல் என்றே தோன்றும். பறவைக்கு இந்த நோய் இருக்கிறதா என்பதை எச்சத்திலும் தொண்டைச் சளியிலும் பி.சி.ஆர். பரிசோதனை செய்து பார்க்கலாம். டாக்டரிடம் நீங்களே இதைக் கேளுங்கள். ஒரு பறவை இறந்து, அடுத்தது சோர்ந்திருக்கும் வீட்டில் இது நியாயமான கேள்வி.

மகளின் இருமல் மழைக்கால இருமலாகவே இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, ‘வீட்டில் பட்ஜி இருக்கிறது, ஒன்று போன மாதம் இறந்தது, இன்னொன்றுக்கு உடம்பு முடியவில்லை’ என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

உங்கள் நாத்தனார் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் கடுமையாகலாம். பரிசோதனை முடிவு தெரியும்வரை பறவை இருக்கும் அறைக்கே அவர் போக வேண்டாம். கூண்டை நீங்களோ உங்கள் கணவரோ சுத்தம் செய்யுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுத் தாளோடு சுருட்டி எடுங்கள். இந்த நோய்தான் என்று உறுதியானால் பறவைக்கு வழக்கமாக 45 நாள் டாக்சிசைக்ளின் சிகிச்சை. பத்தாம் நாளே பறவை பாட ஆரம்பித்துவிடும், அதைப் பார்த்து நிறுத்திவிடக்கூடாது.

திறந்து விடுவதும், பச்சைக்கிளியும்

மாமியாரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. வீட்டில் ஒரு பிரசவம் வரப்போகும் நேரத்தில் இரண்டு ஜீவன்கள் அடுத்தடுத்து விழுந்தால் யாருக்கும் மனம் சஞ்சலப்படும். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒரே கூண்டு, ஒரே தினை, ஒரே காற்று. ஒன்றுக்கு வந்தது இன்னொன்றுக்கும் வந்திருக்கிறது. மழை வாரங்களில் ஈரம் கோத்த தினையில் பூஞ்சை பிடிப்பதுகூட இரண்டையும் சேர்த்துத் தாக்கும். (உங்கள் தினை டப்பாவை முகர்ந்து பாருங்கள். முடை நாற்றம் அடித்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.) திறந்து விட்டால் அது விடுதலை ஆகாது. கூண்டில் பிறந்த பட்ஜிக்கு இரை தேடத் தெரியாது, சீக்குப் பறவையைக் காக்கை மாலைக்குள் முடித்துவிடும். பட்டினியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம்.

பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். பட்ஜி வெளிநாட்டு இனம், வளர்க்கத் தடையில்லை. பச்சைக்கிளி நம் காட்டுயிர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். ‘ஊரில் எல்லோரும் வளர்க்கிறார்களே’ என்பது பதிலாகாது. அந்தக் குஞ்சு மரப்பொந்திலிருந்து தாயிடம் பறித்து வந்தது. போதாததற்கு, நான் மேலே சொன்ன சிட்டகோசிஸ் கிளி இனம் எதிலும் வரலாம். காரணம் தெரியாமல் ஒரு பறவை சோர்ந்திருக்கும் வீட்டுக்கு இப்போது எந்தப் பறவையையும் கொண்டு வராதீர்கள்.

மகளுக்கு ஆறுதல் என்று யோசித்ததால் இதைக் கேட்கிறேன்: நீலப் பறவை இறந்தது என்று அவளிடம் சொல்லிவிடக் கூடாதா? ஒன்பது வயதுக்கு அது புரியும். பறந்து போனது என்று நம்பினால், தன்னைப் பிடிக்காமல் போனதாக நினைத்துக்கொள்வாள். மஞ்சள் பறவை பிழைக்காமலும் போகலாம், அதையும் இப்போதே மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

அப்படி நேர்ந்துவிட்டால் உடனே புதைக்காதீர்கள். உடலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, இரண்டு பாலித்தீன் பைகளில் கட்டி, மீன் வாங்கும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, மறுநாளைக்குள் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஃப்ரீஸரில் வைத்து உறையவிட்டால் திசுக்கள் கெட்டுவிடும். நீலத்துக்கு அப்படிச் செய்திருந்தால் மஞ்சளுக்கு மருந்து இன்று தெரிந்திருக்கும் என்பதற்காக வருந்தாதீர்கள், பலருக்கும் இந்த வழி இருப்பதே தெரியாது.

பிழைத்தால், சில வாரம் கழித்துத் தீனியை மாற்றத் தொடங்குங்கள். தினையோடு கம்பு, சாமை, கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். முதல் சில நாள் தொடாது, விடாமல் வையுங்கள். பட்டர் ஃப்ரூட், சாக்லேட், காபி, டீ, உப்புப் போட்ட மிக்சர் ஆகாது. சமையலறைக்கு வாங்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை ஒரு டப்பாவில் வைத்து எடையைக் குறியுங்கள். மூன்று நான்கு கிராம் குறைந்தால், பறவை எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் போக வேண்டிய நாள் அது. எடை எழுதும் வேலையையும், தினமும் காலையில் கூண்டின் அடித்தட்டுத் தாளில் உள்ள எச்சத்தைத் தொடாமல் பார்த்துச் சொல்லும் வேலையையும் மகளுக்கே கொடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் அதையும், டாக்டர் எழுதிய மருந்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.